சாக்ஸுக்குள் வெங்காயம்

பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் 'கவனத்திற்கு அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று பதினெட்டு வருடமாக ஒலிபெருக்கியில் சொல்லிச் சொல்லி, சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. அறிவிப்பு அறை ஒரு கூண்டு. உள்ளே ஒரு மைக், ஒரு மேசை விசிறி, டிங்-டாங் அடிக்க ஒரு பொத்தான். அந்த வேலைக்குச் சட்டம் இரண்டே. தாளில் இருப்பதை ஓர் எழுத்தும் மாற்றாமல் படிக்க வேண்டும். எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டும். ஒருநாள் கண்காணிப்பாளர் கைமறதியாக, 'காலை எட்டு மணிப் பேருந்து இரவு எட்டுக்குப் புறப்படும்' என்று எழுதிக் கொடுத்தார். அக்கா அதையும் அப்படியே இரண்டு முறை படித்தார். திட்டு விழுந்தது கண்காணிப்பாளருக்குத்தான். அன்றிலிருந்து அக்காவுக்கு அந்தச் சட்டத்தின் மேல் அபார நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் பின்னால் ஊரையே படுத்தி எடுத்தது.

கிருமி வந்து வீட்டுக்கு வீடு காய்ச்சலில் படுத்தபோது, பாதிப் பேருந்துகள் நின்றுவிட்டன. அக்கா கூண்டுக்குள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது சித்தி போனில் வந்தாள். சித்திக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

"குடும்ப குரூப்ல காய்ச்சலுக்கு ஏதோ வழி போட்டிருக்காங்களாமே. எனக்கு எழுத்தே தெரியலடி. நீ படிச்சு வாய்ஸ்ல அனுப்பேன்."

அக்கா செல்போனை எடுத்தார். பழக்கதோஷம், விரல் தானாகப் பொத்தானை அமுக்கியது. டிங்-டாங். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. வெங்காயத்தை வட்டமாக நறுக்கி, சாக்ஸுக்குள் வைத்துக்கொண்டு நடக்கவும். மணிக்கு ஒருமுறை ஏழு பலூன் ஊதவும். மூச்சை அடக்கி இருபது வரை எண்ண முடிந்தால் உடம்பில் கிருமி இல்லை. மருத்துவமனைக்குள் யாரும் போக வேண்டாம். அங்கே போனால்தான் கிருமி ஒட்டும்."

கடைசி வரியில் நாக்கு கொஞ்சம் தயங்கியது. ஆனால் எழுதியிருக்கிறதே! இரண்டாம் முறையும் சொல்லி அனுப்பிவிட்டார்.

சித்தி சும்மா இருப்பாளா? மறுநாள் சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மணி அடிக்கிறது, இரண்டு முறை சொல்கிறார்கள், அப்புறம் அரசாங்கம் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்? கடைகளில் வெங்காயம் தீர்ந்தது. வங்கிக் காவலாளி நடந்தால் சதக் சதக்கென்று சத்தம் கேட்டது. மணிக்கொரு தரம் தெருவில் பலூன்கள் வெடித்தன.

அக்காவின் கணவர் கண்ணாடிக் கடைக்காரர். ஸ்கூட்டர் வைத்திருப்பவர், பேருந்து நிலையத்துக்குள் காலே வைத்ததில்லை. காய்ச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்து அவரும் பலூன் ஊதிக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா எவ்வளவு தெளிவா சொல்றாங்க பாரு. நீயும்தான் பேசறியே, வள்வள்னு."

"ஏங்க, அது நான்தாங்க."

"உன் குரல் எனக்குத் தெரியாதா?"

பேசிக் காட்டலாம் என்று அக்கா தொண்டையைச் செருமினார். மணியும் இல்லை, மைக்கும் இல்லை. 'பொதுமக்களின்' என்பது கீச்சென்று வந்தது.

"உனக்கும் காய்ச்சல் ஏறிடுச்சா?" என்றார் கணவர்.

மூச்சடக்கும் சோதனையில் அவர் ஒன்றுரெண்டுமூணு என்று ரயில் வேகத்தில் எண்ணி இருபதைப் பிடித்துவிடுவார். மூன்றாம் நாள் அந்த வேகத்திலும் நான்கைத் தாண்டவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. அக்காவின் வாயே அவர் புருஷனுக்கு எமனாகிவிட்டதே! அழுது, கெஞ்சி, கத்தி, கடைசியில் ஒரு வார்த்தை வாங்கினார்.

"வாசல் வரைக்கும் வரேன். உள்ள வரமாட்டேன்."

மருத்துவமனை வாசலில் ஏற்கெனவே முப்பது நாற்பது பேர் அதே முடிவோடு நின்றிருந்தார்கள். கையில் மருந்துத் தட்டோடு ஒரு நர்ஸ், "உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தாள். யாருடைய போனிலிருந்தோ டிங்-டாங் கேட்டது. "அங்கே போனால்தான் கிருமி ஒட்டும்."

"அது பொய்ங்க! அதைப் பேசினது நான்தான்!" என்று அக்கா கத்தினார்.

"பாவம், காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு" என்றார் ஒருவர்.

கணவர் நடைபாதை ஓரமாக அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

அக்கா நர்ஸின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டைப் பிடுங்கினார். அதிலிருந்த கத்தரிக்கோலால் இரண்டு தட்டு தட்டினார். டிங். டாங். கண்ணை மூடி, முதுகை நிமிர்த்திக்கொண்டார். கூண்டுக்குள் வரும் குரல் வந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தாள் இல்லாமல் வந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. முன்பு வெளியான அறிவிப்பு முழுவதுமாக ரத்து செய்யப்படுகிறது. வெங்காயத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, காய்ச்சல் உள்ளவர்கள் உடனே உள்ளே செல்லவும்."

எல்லோரும் அக்காவின் வாயையே பார்த்தார்கள். ஒருவரும் அசையவில்லை. அக்கா அதற்காகக் கலங்கவில்லை. முதல் தடவைக்குப் பயணிகள் நிமிர்ந்துதான் பார்ப்பார்கள், பையைத் தூக்குவது இரண்டாம் தடவைக்குத்தான். மறுபடியும் தட்டைத் தட்டி, அதையே மாறாமல் சொன்னார்.

வங்கிக் காவலாளி முதலில் சாக்ஸைக் கழற்றினார். பிறகு எல்லோரும் குனிந்தார்கள். வாசலில் வெங்காயம் குவிந்தது. நாற்றம் தாங்காமல் நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசை போட்டாள்.

அக்கா மண்டியிட்டுக் கணவரின் சாக்ஸை உருவினார். அவர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார்.

"நீயா? இத்தனை வருஷமா வீட்ல ஏன்டி இப்படிப் பேசல?"

"வீட்ல நீங்க எப்பங்க ரெண்டாவது தடவை கேட்டீங்க?"

அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார். இப்போதெல்லாம் அக்கா எதைச் சொன்னாலும், "இன்னொரு தடவை சொல்லு" என்கிறார்.