காட்டுக்கு உபயம் கேட்ட கதை

கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கேட்டால் கொழும்பில் யாரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். காட்டைக் காப்பாற்றக் கேட்டால் முதலில் தண்ணீர் தருவார்கள், பிறகு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நல்ல காரியத்துக்காகப் படியேறி இறங்கி முழங்கால் தேய்ந்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

நான் வேலை பார்த்தது கொள்ளுப்பிட்டியில் ஒரு சின்ன அறக்கட்டளையில். சப்ரகமுவ மலைப்பக்கம், இரண்டு அரசாங்க மழைக்காடுகளுக்கு நடுவே ஒரு தனியார் காணி இருந்தது. அதுவும் காடுதான். சொந்தக்காரர் குணதாச, ஓய்வுபெற்ற தபால்காரர். தம்பிமார் விற்கச் சொல்லி அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். மரங்களை வெட்டித் தேயிலை வைக்க ஒரு முதலாளி தயாராக நின்றார். மழைக்காலம் தொடங்கும்வரை எங்களுக்காகப் பொறுப்பதாகக் குணதாச வாக்குக் கொடுத்தார். அதற்குள் சல்லி சேர்த்து நாங்கள் வாங்கினால் காடு தப்பும்.

பேர் எங்கே?

முதலில் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை ஐயாவிடம் போனேன். யாழ்ப்பாணத்து மனிதர், கொடுக்கிற மனம் உள்ளவர். படங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்தார். "எங்கட பேரை மரத்தில அடிப்பியளோ?" என்று கேட்டார். ஆணி அடித்தால் மரம் பழுதாகும், அதனால் பேர் போடுவதில்லை என்றேன். அவருடைய முகம் வாடிப்போயிற்று. கொடுக்க எடுத்த காசோலைப் புத்தகத்தை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்: "பிள்ளை, ஒரு ரியூப்லைட் குடுத்தாலும் கோயில்ல உபயமெண்டு பேர் எழுதுறாங்கள். பேரில்லாட்டி, இதில என்ர மரம் எதெண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

கொட்டாஞ்சேனையில் வெள்ளம்

கொட்டாஞ்சேனையில் தேவாலயத்து மாதர் சங்கத் தலைவியைப் பார்க்கப் போன அன்று அவர் வீட்டு மெத்தைகள் மதிலில் காய்ந்துகொண்டிருந்தன. பருவம் தப்பிப் பெய்த மழையில் வந்த வெள்ளம் வடிந்து சில நாள்தான். சுவரில் சேற்றுக்கோடு என் இடுப்பளவில் இருந்தது. மலையில் காடு இருந்தால் மழைத்தண்ணீரைப் பிடித்து மெதுவாக விடும், காடு போனால் எல்லாம் ஒரேயடியாக ஆற்றில் இறங்கும் என்று விளக்கினேன். அந்த நேரத்தில் அந்தப் பேச்சைப் பேச எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றது சரிதான் மகள். ஆனா இப்ப என்ட கையில சல்லி இருந்தா முதல்ல ஒரு மெத்தை வாங்குவேன்."

தளபாடக்கடை ஹாஜியார்

எதிர்பாராத இடத்திலிருந்துதான் முதல் பெரிய தொகை வந்தது. தளபாடக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார், நான் பாதி கதைக்கும்போதே உள்ளே போய் உறையைக் கொண்டுவந்தார். நன்றிப் பட்டியலில் பேர் போடட்டுமா என்று கேட்டேன். கடை நிறைய நின்ற அலுமாரிகளையும் கட்டில்களையும் ஒரு தரம் பார்த்தார். "பேர் வேணாம் மகள். நான் விக்கிறதும் மரந்தானே, ஆக்கள் சிரிப்பாங்க."

மரநடுகை விழா

அப்படியும் பாதிகூடச் சேரவில்லை. அப்போதுதான் ஒரு பெரிய கம்பனி மிச்சம் முழுவதையும் தருவதாகச் சொன்னது. ஒரேயொரு நிபந்தனை: அவர்களுடைய ஊழியர்கள் காட்டுக்குப் போய் மரக்கன்று நடவேண்டும், படம் எடுக்கவேண்டும். மழைக்காட்டில் கன்று நட ஏது இடம்? விதை விழுந்தால் அதுவே முளைக்கிறது. நான் மாட்டேன் என்று சண்டை பிடித்தேன். எங்கள் பணிப்பாளர் ஊருக்கு ஏற்ற வேஷம் போடத் தெரிந்தவர். ஓரத்தில் கொஞ்சம் துப்புரவாக்கினால் போகிறது என்றார்.

துப்புரவாக்கினார்கள். தானாக முளைத்து நெஞ்சளவு வளர்ந்திருந்த மரங்களை வெட்டி, அந்த இடத்தில் முழங்கால் உயர மரக்கன்றுகளை நட்டார்கள். சுற்றிவரக் கம்பிவேலி, முன்னால் கம்பனியின் பேர்ப்பலகை. பஸ்ஸில் வந்தவர்கள் ஒரே நிறச் சட்டையில் நின்று சிரித்தார்கள். குணதாச ஒதுங்கி நின்று பார்த்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்: "எங்கட அப்பா காலத்திலயும் கத்தி படாத இடம், மிஸ். நீங்க காட்டைக் காப்பாத்த வந்த ஆக்கள்தானே?"

மழை தொடங்கியது

படம் வந்தது, பணம் வரவில்லை. அந்த வருடத்துக்குக் கம்பனியின் காட்டுத் திட்டம் முடிந்துவிட்டதாம், அடுத்த வருடம் கடலாமைகளாம். மழையும் தொடங்கிவிட்டது. வெட்டிய இடத்தைக் காட்டித் தம்பிமார் குணதாசவின் வாயை அடைத்துவிட்டார்கள்: காப்பாற்ற வந்தவர்களே வெட்டலாமென்றால் நாங்கள் விற்றால் என்ன? அவர் காணியை முதலாளிக்கு எழுதிக்கொடுத்தார்.

பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். மலை மொட்டையாக, சிவப்பாகக் கிடந்தது. வழியில் நின்றே அழுதேன். கம்பிவேலிக்குள் இருந்த கன்றுகளை மட்டும் முதலாளியின் ஆட்கள் தொடவில்லை, பெரிய கம்பனியின் பேர்ப்பலகைக்குப் பயம். திட்டுவதற்குப் பதிலாக, மொட்டை மலையும் கன்றுகளும் சேர்ந்து தெரிய நான் எடுத்த படத்தைக் கம்பனியின் சமூகநலப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். சின்னப் பெடியன், நல்ல மரியாதையானவன். உடனே போன் எடுத்தான்: "அக்கா, எங்கட மரக்கண்டெல்லாம் நல்லா நிக்குதே. இதை வருஷ அறிக்கையில போடலாமோ?"

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: கொடுக்கிறவர் படத்துக்கு நிற்க இடம் வேண்டுமென்றால், மரந்தான் கொஞ்சம் தள்ளிப்போக வேண்டியிருக்கிறது.