அக்கா போகாத கொழும்பு

உடுவிலில் விடுதியில் தங்கிப் படித்த அக்கா, படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு எட்டு வயது. இனி என்னோடுதான் இருப்பாள் என்று நினைத்தேன். அவளோ பொருளியல் படிக்கக் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டும் என்றாள்.

பொருளியல் என்றால் என்னவென்று வீட்டில் வேறு ஒருவருக்கும் தெரியாது. சிக்கனமாகக் குடும்பம் நடத்தும் படிப்பு என்று அம்மா அயலில் சொல்லிவைத்திருந்தாள். வாத்தியாரம்மா ஒருவரிடம் இரவல் வாங்கிய தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அக்கா கிணற்றடிக்கும் கொண்டுபோவாள். படித்ததைச் சொல்லிப் பார்க்க ஆள் வேண்டுமே. என்னை இருத்திவைத்துக் கேள்வி கேட்பாள். அது இரண்டாம் உலகச் சண்டைக்காலம். கப்பல் வராவிட்டால் சீனிக்கு என்ன நடக்கும் என்று ஒருநாள் கேட்டாள். தேத்தண்ணி கசக்கும் என்றேன். சிரித்துவிட்டு அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

சோதனையில் தேறினாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. இரண்டு நாள் முகங்கொடுத்துக் கதைக்காமல் இருந்த ஐயா, மூன்றாம் நாள் தானே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அக்கா பெட்டி அடுக்கத் தொடங்கினாள். நான் அம்மன் கோவிலுக்குப் போய், அவள் போகக்கூடாது என்று கண்ணை இறுக மூடிக் கேட்டுக்கொண்டேன்.

புறப்பட நான்கு நாள் இருக்க, எனக்குக் கொப்புளிப்பான் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். அம்மாள் வந்த வீட்டிலிருந்து ஒருவரும் பயணம் போகக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஐயா வேறு நாள் கேட்டுக் கடிதம் எழுதினார். அக்கா அழவில்லை. என் அருகிலிருந்து வேப்பிலையால் உடம்பைத் தடவிக்கொண்டே, உதடு மட்டும் அசைய எதையோ பாடமாக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்த மறுநாள் பதில் வந்தது. இடமெல்லாம் நிரம்பிவிட்டதாம்.

"வாற வருஷம் பாப்பம், பிள்ளை," என்றார் ஐயா.

அந்த வருடம் வந்தபோது அவளுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள்.

ஆனால் அந்தப் பதில் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவின் காதுக்குள், நான்தான் அம்மனிடம் கேட்டேன் என்று சொன்னேன். அவள் என் முகத்தில் காய்ந்துகிடந்த பொருக்குகளை நெடுநேரம் பார்த்தபடி இருந்தாள்.

"நீ கேட்டதாலை இல்லை, குஞ்சு. உந்தக் கதையை இனி ஒருத்தரிட்டையும் சொல்லாதை. அம்மாவிட்டையும்."

வெளியில் சொன்னால் வேண்டுதல் பலிக்காமல் போய்விடும் என்றுதான் தடுக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவளுக்கும் என்னை விட்டுப் போக விருப்பமில்லை போலும் என்று அன்று முழுவதும் பூரித்துப்போயிருந்தேன்.