ஜன்னலோரம் காய்ந்த வெயில்

என்னோடு அலுவலகத்தில் வேலை செய்யும் மின்ஜி கொரியாக்காரி. அண்மையில் அவளுக்குப் பாதத்தில் எலும்பு வெடித்தது. வைட்டமின் டி மிகக் குறைவு, குளிசை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். "வெயிலிலேயே சரிசெய்வேன்" என்று மறுத்துவிட்டாள்.

இன்று இரண்டாவது இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்தது. கொஞ்சமும் ஏறவில்லை. எலும்பும் இன்னும் பொருந்தவில்லை.

மதியம் இருவரும் அலுவலகத்துக்குப் பக்கத்தில், செவன் ஹில்ஸில் ஒரு மருந்துக்கடைக்குப் போனோம்.

"தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்துதானே சாப்பிடுகிறேன்!" என்றாள் மின்ஜி, அழாத குறையாக.

மருந்தாளர் நம்மூர்ப் பெண். கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது என்று அவளுக்கு ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"கொரியாவில கனபேருக்கு இந்தக் குறை இருக்கு, அக்கா. நாள் முழுக்க உள்ளுக்குள்ள வேலை, வெளியில வந்தா முகத்தை மூடிக்கொள்ளுறது. நீங்கள் செக் பண்ணினனீங்களோ?"

"இல்லை."

"பண்ணுங்கோ. நாங்களும் அப்பிடித்தானே!"

மின்ஜி குளிசை வாங்கினாள். வெளியே வந்ததும், வெயிலுக்காகப் போட்டிருந்த கையுறைகளைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டாள். தொப்பியைத் தொடவில்லை.

"முகத்தை மட்டும் வெயிலுக்குக் கேட்காதே" என்றாள்.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் குடை பிடித்திருந்தேன்.

மடக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அம்மா, "ஏன் பிள்ளை இப்பிடிக் கறுத்துப்போனாய்?" என்பார். என்ன சொல்லலாம்?