தனக்கொடி இடித்த அவல்

பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, ஒரே பிள்ளை தெய்வசிகாமணி. தனக்கொடிக்கு இருந்தது அவ்வளவுதான். அந்தப் பிள்ளையும் 1941-இல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காப் பாலைவனத்துக்குப் போய்விட்டான். அங்கே சொல்தாக்கள், அதாவது சிப்பாய்கள், அரை வயிற்றோடு கிடக்கிறார்கள் என்று, காலில் குண்டு பட்டுத் திரும்பிய பக்கிரி வந்து சொன்னான். கேட்டதிலிருந்து அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

புதுச்சேரியில் பட்டாளத்துக்கு உணவு சேர்த்துக் கப்பல் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், வீட்டில் குத்தி வைத்திருந்த அரிசியை மூட்டை கட்டினாள். கொழுந்தன் நமச்சிவாயம் வண்டி ஓட்டினான். பிரெஞ்சு மண்ணின் லட்சணம்தான் தெரியுமே! பாகூரிலிருந்து புதுச்சேரிக்குப் போவதற்குள் குறுக்கே இங்கிலீஷ்காரன் ஊர் வந்து நிற்கும். அங்கே சாவடிச் சேவகன் வண்டியை மறித்தான். யுத்த காலச் சட்டமாம், நெல்லும் அரிசியும் எல்லை தாண்டக் கூடாதாம்.

“இன்னாய்யா இது? ஒங்க தொரையும் எங்க தொரையும் ஒரே பக்கந்தான சண்ட போடறாங்க? இது அந்தச் சண்டைல கீற புள்ளைங்களுக்குத்தான்யா போவுது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. வண்டியத் திருப்பு.”

சேர்ந்து சாகலாம், சேர்ந்து சாப்பிடக் கூடாது. நல்ல நியாயம்! தனக்கொடி வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டிக்கொண்டே யோசிக்கவும் செய்தாள். சட்டத்தில் நெல்லும் அரிசியும்தானே இருக்கிறது, அவலைப் பற்றி எவன் என்ன சொன்னான்?

வீடு சேர்ந்ததும் குதிரின் வாயைத் திறந்து நெல்லை ஊறப் போட்டாள். தெருப் பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஊறிய நெல்லை வறுத்து, சூடு ஆறுவதற்குள் மாற்றி மாற்றி உலக்கை போட்டார்கள். உள்ளங்கை கொப்பளித்தும் அவள் விடவில்லை. பாலைவனத்தில் அடுப்புக்கும் விறகுக்கும் எங்கே போவான் பிள்ளை? அவலுக்கு ஒரு கை தண்ணீர் போதும்.

மறுபடியும் அதே சாவடி. சேவகன் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்தான். “இதுவும் அரிசிதாம்மா.”

“அரிசின்னா ஒலையில போட்டு வடிச்சிக் காட்டு. சோறு வந்திச்சின்னா வண்டியையும் மாட்டையும் நீயே வச்சிக்க.”

சாவடியில் காத்திருந்த கூட்டம் சிரித்தது. அவன் முகம் கறுத்துப்போய்த் தடுப்புத் தடியைத் தூக்கி வண்டிக்கு வழி விட்டான். மூட்டைகள் கப்பல் ஏறின. தனக்கொடி அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அறுத்து வைத்திருந்த நெல்லும் தீர்ந்து, அடுத்த விதைப்புக்கு ஊர் தயாரான சமயம் நமச்சிவாயம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

“கப்பல நடுக்கடல்லயே குண்டு போட்டு முழுக்கிட்டாங்களாம் அண்ணி. வுட்டுடு. நம்மால ஆனத செஞ்சிட்டோம்.”

தனக்கொடி வாய்விட்டு அழுதாள். குண்டு போட்டவனையும் மறித்தவனையும் பிள்ளையைக் கூட்டிப் போனவனையும் ஒருவர் விடாமல் சபித்தாள். பிறகு எழுந்துபோய், மூலையில் சாணி மெழுகி மூடியிருந்த பானையை உடைத்தாள்.

“அண்ணி! அது வெத நெல்லு!”

“தெரியும்பா.”

“அதையும் இடிச்சிட்டா கழனில இன்னாத்த வெதைக்கிறது?”

“அறுக்கறதுக்கு மொதல்ல எம்புள்ள வரட்டும்.”

நமச்சிவாயம் கிணற்றடிக்குப் போனான். தண்ணீர் இறைத்து வந்து, அவனே நெல்லில் ஊற்றினான்.