ஒருவராவது என் வீட்டில் சாப்பிட வேண்டும்

உயிர் பிழைத்ததைச் சாட்சியாகச் சொல்பவர்கள் பலர். நானும் பிழைத்தவள்தான். ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது, பிழைத்து வீடு திரும்பிய பிறகு நடந்தது.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் காசநோய் வந்தது. அப்போது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளை அங்கே லயம் என்பார்கள். எங்கள் லயத்தில் கடைசி வீடு எங்களுடையது. ஒரே அறை, பின்னால் ஒரு சமையல்கட்டு, முன்னால் சின்னத் தாழ்வாரம். என் வீட்டுக்காரர் ஆசீர்வாதத்துக்கு ஃபாக்டரியில் வேலை. எனக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. எங்களுக்கு ஒரே மகள், மெர்சி. நான் இருமித் துப்பியதில் ரத்தத்தைப் பார்த்த அன்று அவளுக்கு மூன்று வயது.

என்னைக் கீழே சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மெர்சியை என் மதினி எலிசபெத் தன்னோடு கொழிஞ்சாம்பாறைக்குக் கூட்டிப்போனார். அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. வாக்கப்பட்டு அந்தப் பக்கம் போய் வருஷக்கணக்காகி, பேச்சே கொங்குப் பேச்சாக மாறிவிட்டவர். அவருக்குப் பிள்ளை கிடையாது. பஸ் ஏறும்போது மெர்சி என் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் அவளைத் தூக்கினார்கள். அந்த விரல்களை நினைத்துக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் எத்தனையோ மாதம் கிடந்தேன்.

கர்த்தர் இரங்கினார். ஊசியும் மாத்திரையும் வேலை செய்தன. சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்து, இனி இவளால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்னார். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, டாக்டர் சொன்னதை லயத்துக்குப் போய்ச் சொல்ல யாரும் இல்லை என்று.

யாரும் என்னை ஏசவில்லை. வழியில் பார்த்தால் சிரித்தார்கள். ஆனால் என் வீட்டு வாசல்படியில் யாரும் கால் வைக்கவில்லை. குழாயடியில் என் குடம் இருந்தால் மற்றக் குடங்கள் தள்ளி நின்றன. பேச்சி என்று ஒருத்தி, எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து பறித்தவள், இந்துப் பிள்ளை. ஒரு காலத்தில் ஒரே தூக்குச் சட்டியில் கஞ்சி குடித்தவர்கள் நாங்கள். அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் பார்த்தால் அவள் வீட்டுக் கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. சபையிலிருந்து வந்த உபதேசியாரும் தாழ்வாரத்துக்கு வெளியே நின்றேதான் எனக்காக ஜெபித்தார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை குட்டிக்காரர்கள். எனக்கும் பிள்ளை இருந்தது, அதனால் புரிந்தது.

ஆனால் மெர்சி வரவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் கொழிஞ்சாம்பாறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். மதினி சொன்னதை அப்படியே என்னிடம் சொன்னார். "பண்டிகைக்குக் கூட்டிட்டு வர்றேன் தம்பி. அந்த ஊட்ட என் கண்ணால பாக்கோணும். மனசுக்குச் சரின்னு பட்டா உட்டுப்போட்டு வர்றேன். இல்லீன்னா புள்ள எங்கூடவே இருக்கட்டும். கோவிச்சுக்காத."

அன்றிலிருந்து என் ஜெபம் மாறியது. பிள்ளையைக் கொடும் ஆண்டவரே என்று கேட்டவள், ஒருவராவது என் வீட்டுக்குள் வந்து சாப்பிட வேண்டும் ஆண்டவரே என்று கேட்க ஆரம்பித்தேன். லயத்துக்காரர்களே கால் வைக்காத வீட்டில் எந்த அத்தை ஒரு பிள்ளையை விட்டுப் போவாள்?

டிசம்பர் பிறந்ததும் வீட்டில் கை வைத்தேன். எல்லாச் சாமானையும் தூக்கி வெளியே வெயிலில் போட்டேன். பாய், கம்பளி, தலையணை, டிரங்குப் பெட்டி, எல்லாம். காலி அறை நடுவில் நின்று பார்த்தபோதுதான், அது எவ்வளவு இருட்டு என்று கண்ணில் பட்டது. குளிருக்குப் பயந்து, இருந்த ஒரே ஜன்னலைப் பலகை வைத்து ஆணியடித்திருந்தோம். அதன்மேல் கட்டிலை வேறு சாத்தியிருந்தோம். என் வீட்டுக்காரர் பலகையைப் பெயர்த்தார். மலைக்காற்று உள்ளே வந்தது. வெளிச்சமும் வந்தது.

"குளிருமே சௌந்தரி" என்றார்.

"குளிரட்டும். மதினி வந்து நிக்கும்போது வீட்டுக்குள்ள வெயில் அடிக்கணும்" என்றேன்.

சுண்ணாம்பு அடித்தோம். சமையல்கட்டில் விறகு அடுக்கியிருந்த இடத்தைக் காலி செய்து விறகைத் தாழ்வாரத்துக்கு மாற்றினேன். அடுப்பைப் புகைபோக்கிக்கு நேர் கீழே தள்ளி வைத்தோம். அறைக்குள் புகை வருவது பாதியாகக் குறைந்தது. உடுத்தாத துணி, உடைந்த சட்டி, ஓட்டை வாளி, என்றைக்காவது உதவும் என்று சேர்த்த சாக்குகள், அத்தனையும் போயின. கட்டிலைச் சுவரோரம் நிறுத்தி வைத்ததும், நாலு பேர் பாய் விரித்து உட்காரும் இடம் கிடைத்தது. ஃபாக்டரியில் கழித்துப் போட்ட தேயிலைப் பெட்டிகளை அவர் கேட்டு வாங்கி வந்தார். ஒட்டுப்பலகைப் பெட்டிகள். கவிழ்த்துப் போட்டால் ஆள் உட்காரலாம். இரண்டைச் சேர்த்துப் போட்டு என் கல்யாணத்துக்குக் கட்டின வெள்ளைப் புடவையை விரித்தால் மேசை. ஜன்னலுக்குப் பக்கத்தில், மெர்சியின் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்தேன், அவள் கவுன் மாட்ட. உயரம் தெரியாமல் குத்துமதிப்பாகத்தான் அடித்தேன்.

மூங்கில் பிளந்து நட்சத்திரம் கட்டினோம். காட்டோரம் பாறையில் படர்ந்திருந்த பாசியைப் பெயர்த்து வந்து குடில் வைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் எனக்கென்று தனியாக வைத்திருந்த தட்டையும் தம்ளரையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கினேன்.

பிறகு வீடு வீடாகப் போய் வாசலில் நின்று கூப்பிட்டேன். "பண்டிகையன்னைக்கு மத்தியானம் நம்ம வீட்டுல சாப்பாடு. எல்லாரும் வரணும்." பேச்சி குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு, "பாக்கலாம்க்கா" என்றாள். எல்லோரும் பாக்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

பண்டிகைக்கு முந்தின நாள் உடுமலைப்பேட்டை வழியாக வந்த பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார். கையைப் பிடித்துக்கொண்டு மெர்சி. வளர்ந்திருந்தாள். இரட்டைச் சடை. நான் ஓடிப் போய்க் குனிந்தேன். அவள் மதினியின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"அம்மாகிட்டப் போ கண்ணு" என்றார் மதினி.

"யாரு அது?" என்று கேட்டாள் என் மகள்.

அன்று இரவு அத்தையின் பக்கத்தில்தான் படுத்தாள். மதினி நல்லவர். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் தொட்டுப் பார்த்தார். "சுத்தமா வெச்சிருக்கற சௌந்தரி. குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்ததுல இருந்து பாக்கறேன். உங்க ஊட்டுக்கு ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கலியே?" என்று கேட்டார். நான் மறுநாள் சமையலுக்கு அரிசி அளக்க எழுந்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஆராதனை முடிந்து வரும்போதே வானம் கறுத்துக் கிடந்தது. வந்ததும் அடுப்பு மூட்டினேன். சோறு, கோழிக் குழம்பு, காந்தலூர் பக்கம் போன ஒருவர் கொண்டுவந்த கேரட்டும் பீன்ஸும் போட்டுப் பொரியல், முந்திரிக்கொத்து. லயம் முழுக்கச் சாப்பிடும் அளவுக்குச் சமைத்தேன். பாய்களை விரித்தேன். பெட்டிகளைப் போட்டேன். மத்தியானம் ஆனது. யாரும் வரவில்லை. சோற்றில் ஆவி அடங்கியது. என் வீட்டுக்காரர் வாசலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். மதினி மெர்சிக்கு மட்டும் சோறு பிசைந்து ஊட்டினார். நான் சமையல்கட்டுக்குள் போய் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, ஒருத்தராவது" என்று மட்டும் சொன்னேன்.

மழை பிடித்தது. மழையோடு காற்று. தகரக் கூரை கிடுகிடுத்தது. திடீரென்று இடி விழுந்தாற்போல ஒரு சத்தம். லயத்தின் மறு முனையில் நின்ற யூகலிப்டஸ் மரம் முறிந்து கூரைமேல் விழுந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஓடினார். அலறல் கேட்டது. கர்த்தருடைய கிருபை, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை. ஆனால் அந்த முனையில் இருந்த வீடுகளின் கூரை பிய்ந்து போயிற்று. அடுப்பு, படுக்கை எல்லாம் தண்ணீரில்.

கொஞ்ச நேரத்தில் என் வாசலில் ஒரு உருவம். பேச்சி. மரம் விழுந்த முனையில்தான் அவள் வீடு. நனைந்து ஒட்டிய சேலை. மாரில் துணி சுற்றிய குழந்தை, அது வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பக்கத்து வீடுகளில் எல்லாம் அதற்குள் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள்.

"யக்கா" என்றாள். என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். படிக்கு வெளியே, மழையில் நின்றாள்.

எனக்கு அவள் மனசு தெரிந்தது. நான் இறங்கி மழைக்குள் போனேன்.

"பேச்சி, எனக்குப் பூரணமா சொகமாயிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஆனா உனக்குப் பயம் இருந்தா நான் வெளியவே நிக்கேன். நீ பிள்ளையக் கொண்டு உள்ள போ. உள்ள சூடா இருக்கு."

அவள் முகம் கோணியது. "என்ன பேச்சுக்கா பேசுதிய" என்று அழுதாள். பிறகு, நான் நினைத்தே பார்க்காததைச் செய்தாள். குழந்தையை மாரிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்க பிடிங்க. எங்க அத்த அங்கன நனைஞ்சுக்கிட்டு நிக்காவ. நான் போய்க் கூட்டியாரேன்."

ஓடிவிட்டாள். நான் அந்தப் பச்சைக் குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உள்ளே வந்தேன். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஈரத் துணியை அவிழ்த்து, உலர்ந்த துணியில் சுற்றினேன். சூடு பட்டதும் அழுகை நின்றது. எத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையின் மூச்சு என் கழுத்தில் படுகிறது! நிமிர்ந்து பார்த்தேன். மதினி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். மெர்சி அவர் கையை விட்டுவிட்டு இரண்டடி முன்னால் வந்து, குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தாள்.

பேச்சி தன் மாமியாரோடு வந்தாள். அவள் புருஷன் வந்தான். அவர்கள் பின்னாலேயே இன்னும் மூன்று வீட்டுக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தி பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்குள் வர மற்றவர்களுக்கு என்ன தயக்கம்? பாய் நிறைந்தது. பெட்டிகள் நிறைந்தன. நிறுத்தியிருந்த கட்டிலைப் போட்டுக் கிழவிகளை உட்கார வைத்தோம். சோற்றைத் திரும்பச் சூடாக்கவில்லை, குழம்பை மட்டும் கொதிக்க வைத்து ஊற்றினேன். தட்டு போதாமல் மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். எது யார் தட்டு என்று யாரும் கேட்கவில்லை. பரிமாறியது மதினி. "ஏனுங்க, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கோங்க. கூச்சப்படாதீங்க, நம்மூடுதான்" என்று அவர் சொன்னபோது நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கூரை சரியாகும்வரை பேச்சி வீட்டார் எங்களோடுதான் இருந்தார்கள்.

மதினி புறப்பட்ட அன்று காலையில் தன் பையை மட்டும் எடுத்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கேட்கப் பயம்.

"புள்ளையோட கவுனு அந்த ஆணில மாட்டியிருக்கேன்" என்றார்.

"மதினி..."

"பெத்த கொழந்தையக் கையில குடுத்துட்டாளே அவ. அதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கோணும்? வெச்சுக்கோ சௌந்தரி. உன் புள்ளதான." சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். என் ஜெபம் கேட்கப்பட்ட அதே நிமிஷத்தில் இன்னொரு தாயின் மடி காலியாவதைப் பார்த்தேன். அதையும் சொல்லாவிட்டால் இந்தச் சாட்சி முழுமையாகாது.

மெர்சி அழுதாள். நாள்கணக்கில் அத்தை அத்தை என்று பஸ் வரும் பாதையைப் பார்த்து நின்றாள். என்னிடம் சாப்பிட்டாள், குளித்தாள், ஆனால் என்னைக் கூப்பிட மாட்டாள். நான் அவசரப்படவில்லை. பக்கத்தில் இருந்தேன். புது வருஷம் பிறந்து, புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்த ஒரு விடியற்காலையில், என் கம்பளியைத் தூக்கிக்கொண்டு ஒரு சின்ன உடம்பு உள்ளே வந்தது. கால் ஐஸாக இருந்தது.

"அம்மா, குளிருது" என்றாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கர்த்தர் என்னைப் பிழைக்க வைத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆள் இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸும் போனதில்லை. மதினி வருஷம் தவறாமல் வந்தார். கோடை விடுமுறை முழுக்க மெர்சி அவரோடு இருந்தாள். அவளுக்கு இரண்டு அம்மா என்று லயத்தில் கேலி பேசுவார்கள், அவள் ஆமாம் என்பாள்.

யாரும் வராத வீட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஏக்கம் எனக்குத் தெரியும். வருவாரோ மாட்டாரோ என்று யோசிக்காதீர்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வீட்டைப் பெருக்குங்கள். ஒரு கை அரிசி கூடப் போட்டு உலை வையுங்கள். ஒருத்தரை அனுப்பும் ஆண்டவரே என்று கேளுங்கள். எனக்கு அவர் லயத்தையே அனுப்பினார்.