வௌவால் பூவுக்கு மீசை எத்தனை?

வாசல் ரம்புத்தான் மர நிழலில், தொட்டியில் வௌவால் பூச்செடி வளர்க்கிறேன் என்று இங்கே உங்களுக்கு அலுக்கும்வரை சொல்லியிருக்கிறேன். காட்டுச் செடி, கொஞ்சம் வெயில் பட்டாலும் கருகிவிடும்.

இன்று காலை ஒருவழியாகப் பூத்துவிட்டது. கன்னங்கரேல் என்று வௌவால் சிறகு விரித்த மாதிரி. கீழே முழ நீளத்துக்கு மீசை வேறு.

பக்கத்து வீட்டு சாந்தி அக்காவுக்கு மொட்டு விட்ட நாளிலிருந்தே அதைப் பிடிக்கவில்லை. "வாசல்ல போய் கறுப்புப் பூவா? வீட்டுக்கு ஆகாது தம்பி, பிடுங்கிப் போட்டுருங்க லா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே சொல்வார். கிட்டே வரமாட்டார்.

மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பினால், அக்கா செடி முன்னால் குந்தியிருக்கிறார். போச்சு, பிடுங்கிவிட்டார் என்று ஓடினேன்.

"சத்தம் போடாதீங்க தம்பி, மீசைய எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எதுக்குக்கா?"

"அலமாக்! இப்படி அதிசயமா ஒண்ணு பூத்திருக்கு, நம்பர் எடுக்காம விடலாமா? இன்னைக்கு லாட்டரி குலுக்கல் இருக்கு லா."

"ஆகாத பூன்னு சொன்னீங்களே?"

"வீட்டுக்குத்தான் ஆகாது. நம்பருக்கு ரொம்ப விசேஷம்."

போகும்போது செடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நம்பர் விழுந்தால் நாளைக்குச் செடிக்கு மாலை. விழாவிட்டால் மண்வெட்டி.

பொந்தியான் பக்கம் நல்ல நிழலுள்ள வீட்டுக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். முடிவு வருவதற்குள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.