ஆறு முழக் கயிறு

2026 ஜனவரி 18, ஞாயிறு. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பினேன். ஆறு மணிக்குப் பால் வாங்கி வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஷேவிங் கிடையாது. ஏழே முக்காலுக்கு இட்லி, நான்கு. எட்டேகாலுக்கு மாப்பிள்ளை பாடாலூரிலிருந்து படகோடு வந்து இறங்கினார்.

படகு என்றால் மடித்த படகு. ஒரு மெத்தைச் சுருட்டு அளவுக்குத்தான் இருந்தது. ஊதினால் ஆள் நீளத்துக்கு இரண்டு காற்றுக் குழல்கள், அவற்றை இணைக்க ஒரு குழாய்ச் சட்டம், சட்டத்தின் மேல் ஒருவர் மட்டும் உட்காரும் நாற்காலி, இருபக்கமும் துடுப்பு. ஆன்லைனில் வாங்கியிருந்தார். இதுவரை லாரி டியூபில் உட்கார்ந்துதான் குளங்களில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். என் மகள் தினமும் சண்டை போட்டு இதை வாங்க வைத்தாள்.

“கடையிலயும் டியூப்பு, தண்ணியிலயும் டியூப்பு. உங்களுக்கு வேற எதுவுமே கண்ணுல படாதா?” என்றாள் மகள். பொங்கலுக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

“சோறு போடுறதே டியூப்புதான். மரியாதையாப் பேசு,” என்றார் அவர். ஹைவே ஓரம் டயர் கடை வைத்திருப்பவர். என் பக்கம் திரும்பி, “மாமா, காத்து என் பொறுப்பு. கட்டுறது உங்க பொறுப்பு,” என்றார்.

அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் உதிரிபாக ஸ்டோரில் இருபத்தெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். எந்த நட்டு எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு பொருள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

மொட்டை மாடியில் ஊதினோம். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். இடதுபக்கக் குழலின் வால்வில் ஒரு சின்னக் குமிழ் எழுந்து, பெருத்து, உடைந்தது. மீண்டும் எழுந்தது. யாரோ அடியிலிருந்து மூச்சு விடுவதுபோல. அவர் வால்வை இறுக்கினார், நின்றுவிட்டது. நான் அந்த இடத்தில் இன்னொருமுறை சோப்புத் தண்ணீர் தடவினேன்.

தூண்டில் கம்பு செருக இரண்டு பிவிசி பைப் துண்டுகளைச் சட்டத்தில் கிளாம்ப் போட்டுப் பொருத்தினேன். நங்கூரத்துக்குப் பழைய ஐந்து கிலோ எடைக்கல். நாற்காலியின் பின்னால் வலைப்பை, பெட்டிக்கு ஒரு பலகை, துடுப்பு நழுவாமல் இருக்க நைலான் கயிறு. கட்டிக்கொண்டே, நாளை எந்தத் தண்ணீரில் இறக்கப்போகிறார் என்று கேட்டேன்.

“உங்க ஊர் ஏரிதான் மாமா. குத்தகைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். கோடி வரைக்கும் தண்ணி நிக்குதாம். விரால் ஒவ்வொண்ணும் தொடை கனமாம்.”

எங்கள் ஊர் உடையார்பாளையம் தாண்டி இருக்கிறது. துணி உலர்த்திக்கொண்டிருந்த என் மனைவி கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் அண்ணன் அந்த ஏரியில் செத்தது அவளுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும்.

“அது அந்தக் காலத்து ஒட்டுப்போட்ட டியூப்பு அத்தை. இது கவுறாது,” என்றார் அவளிடம். பிறகு என்னிடம், “ஒண்ணே ஒண்ணு மாமா. விழுந்துட்டா காத்துல போட் தனியாப் போயிடும். என் இடுப்புக்கும் போட்டுக்கும் ஒரு கயிறு போட்டுக் குடுங்க. நைலான் வேணாம், அறுக்கும். மாட்டுக் கயிறு இருந்தா நல்லது.”

இதே வார்த்தைகளை முப்பத்தேழு வருஷத்துக்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது, அண்ணனுக்கு இருபத்திரண்டு. ஏரிக் கரையில் லாரி டியூபை வைத்துக்கொண்டு, “நைலான் அறுக்கும்டா, மாட்டுக் கயித்த எடு,” என்றான். எங்கள் கிடேரியைக் கட்டும் நூல் கயிறு, ஆறு முழம். ஒரு முனையை டியூபில் கட்டினேன். மறுமுனையை அவன் இடுப்பில் சுற்றி, கிடேரி இழுத்து அவிழ்த்துவிடாதபடி போடும் முடிச்சைப் போட்டேன். அந்த முடிச்சு எனக்கு நன்றாக வரும். வீட்டில் எல்லோரும் மெச்சுவார்கள்.

ஏரிக்குள் கருவேல மரங்கள். தண்ணீர் ஏறினால் அவை முழுகிவிடும். டியூப் கவிழ்ந்தபோது கயிறு அடியில் ஒரு கிளையைச் சுற்றிக்கொண்டது. அண்ணன் நீச்சல் தெரியாமல் சாகவில்லை, எங்கள் தெருவிலேயே அவனைப்போல நீந்த ஆளில்லை. நனைந்த நூல் கயிறு உப்பி இறுகும். இழுக்க இழுக்க முடிச்சும் இறுகும். நான் கரையில் நின்று கத்தினேன். ஆட்கள் வந்து கருக்கரிவாளால் கயிற்றை அறுத்துத்தான் அவனை எடுத்தார்கள்.

“படுபாவி, தன்னைத்தானே கட்டிக்கிட்டுப் போயிருக்கானே,” என்றார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஒரு பழைய நோட்டில் நாட்குறிப்பு எழுத ஆரம்பித்தேன். முதல் பக்கத்தில் கயிற்றின் நீளம் இருக்கிறது, கட்டியது யார் என்பது இல்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் விடாமல் எழுதிய எந்த நோட்டிலும் இல்லை.

“கயிறெல்லாம் வேணாம் மாப்ள,” என்றேன்.

“ஏன் மாமா?”

“வேணாம்னா வேணாம்.”

“சரி, நானே கட்டிக்கிறேன். உங்க அளவுக்கு வராது, அவ்ளோதான்,” என்று சிரித்துக்கொண்டே கீழே சாப்பிடப் போனார்.

அவர் போன பிறகு படகை முழுவதும் ஒருமுறை சரிபார்த்தேன். நங்கூரம், வலைப்பை, பலகை, துடுப்புகள் என்று மொத்தம் பதினோரு முடிச்சுகள். பதினொன்றும் அதே முடிச்சு. யோசித்துப் போடவில்லை, கை தானாகப் போட்டிருக்கிறது. அப்படியானால் வீட்டுக் கொடிக்கயிற்றில் இருப்பது? மகள் குழந்தையாக இருந்தபோது தூளிக்குப் போட்டது? கொடியை எட்டிப் பார்த்தேன். அதுவும் அதேதான்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. நைலான்கூட நகத்தைப் பெயர்த்தது. பிறகு, முனையை இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும் சுருக்காக எல்லாவற்றையும் மாற்றிக் கட்டினேன்.

வெயில் தாழ்ந்ததும் காற்றுக் குழல்கள் குளிர்ந்து லேசாகச் சுருங்கின. சட்டத்தோடு உரசி முனகின. மனைவி காபியோடு மேலே வந்தாள்.

“அவரு பாட்டுக்கு மாட்டுக் கயிறு ஒண்ணு வாங்கியாந்து வண்டியில வச்சிட்டாரு. போகாதீங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு.”

“போறது பிரச்சனை இல்ல.”

“பின்ன என்னங்க?”

பலகையின் சுருக்கை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தேன். அவள் காபி ஆறும்வரை நின்றுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் நாலரைக்கே எழுந்தேன். மோட்டார் போடவில்லை. மாப்பிள்ளை வண்டியில் வைத்திருந்த நூல் கயிற்றை எடுத்து என் இடுப்பில் சுற்றி, பழைய முடிச்சைப் போட்டேன். மறுமுனையை வாசல் குழாயில் கட்டினேன். இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டு, கயிறு விறைக்க, உடம்பைச் சாய்த்து நின்றேன். பிறகு மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து திகைத்து நின்றார்.

“என்ன மாமா இது, பனியில?”

“இத அவிழுங்க மாப்ள.”

குனிந்து முயன்றார். டயரைப் பிதுக்கிப் பழகிய விரல்கள்தான். நகத்தால் நிமிண்டினார், பல்லால் கடித்தார். என் மனைவி கதவருகே வந்து நின்றாள்.

“கத்தி வச்சுத்தான் அறுக்கணும் மாமா. யாரு இப்படிப் போட்டது?”

“நான்தான்,” என்றேன். “எங்கண்ணனுக்குப் போட்டதும் நான்தான்.”